மாவு ரூம்

அந்த அக்காவை மாவு ரூமுக்கு மாற்றச் சொன்னது நான்தான். என் கணவர் இல்லை, கூட வேலை செய்தவர்களும் இல்லை. நான்தான். இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்து போய்விட்டேன். ஒரு தடவை மாடியில் துணி எடுக்க. ஒரு தடவை கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க. ஒரு தடவை ஒன்றுக்குமே இல்லாமல் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். இந்த முறை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

கல்யாணமாகி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலத்துக்கு நான் வந்தது இரண்டாயிரமாவது வருஷத்தையொட்டி. ஊர்த் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்பார்கள், என் கணவருக்குச் சொந்தமாக ஒரு செராமிக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. சிமென்ட் ஷீட் போட்ட நீளமான ஒரு ஷெட், ஒரு சூளை, வேலைக்கு ஒன்பது பேர். வீடுகளில் மெயின் போர்டில் இருக்குமே வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ், அதுதான் எங்கள் சரக்கு. ஷெட்டின் பின்சுவரை ஒட்டியே எங்கள் வீடு. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஷெட்டுக்குள் நடப்பதெல்லாம் தெரியும், கேட்கும்.

வெள்ளைக்கல்லும் களிமண்ணும் சேர்ந்து அரைபட்டு, காய்ந்து, கெட்டியான வில்லைகளாக இருக்கும். அந்த வில்லைகளை உடைத்து மெஷினில் போட்டுப் பொடியாக்கிச் சலிப்பார்கள். அதை யாரும் பொடி என்று சொல்லமாட்டார்கள், மாவு என்பார்கள். இந்த வேலை நடக்கிற அறை ஷெட்டின் கோடியில் இருந்தது. அதுதான் மாவு ரூம். ஒரே ஒரு ஜன்னல். காற்றடித்து மாவு வீணாகிவிடக் கூடாது என்று அதையும் சாத்தியே வைத்திருப்போம்.

மாவைப் பிரஸ்ஸில் போட்டு அழுத்தினால் ஃபியூஸ் வந்துவிடும். ஆனால் ஓரமெல்லாம் பிசிறாக இருக்கும். நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிளேடால் அந்தப் பிசிறைச் சுரண்டுவார்கள். சுரண்டியதும் கம்ப்ரஸர் குழாயை எடுத்து ‘புஸ்’ என்று ஒரு ஊது. தூசியெல்லாம் பறந்து, ஃபியூஸ் சுத்தமாகிவிடும். தூசி எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

என் வீட்டுக்குள் வந்ததை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், அடுத்த வேளைக்குள் அதன் முதுகில் விரலால் எழுதலாம். காலையில் ஒரு முறை துடைப்பேன், மத்தியானம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. வந்த புதிதில் ஒரு நாள் என் கணவரிடம் அலுத்துக்கொண்டேன்.

“இது அழுக்கு இல்ல. நல்ல சுத்தமான கல்லு மாவு. ஒண்ணும் பண்ணாது” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். அந்த மாவுக்கு நடுவில் நின்றுதான் பத்து வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிசிறு சுரண்டும் நான்கு பேரில் கை வேகம் அந்த அக்காவுக்குத்தான். மற்றவர்கள் ஒரு தட்டு முடிப்பதற்குள் அவர் ஒன்றரைத் தட்டு முடித்திருப்பார். நாற்பதைத் தொடாத வயது. கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது அவர்கள் குடும்பத்துக்கு இருந்த கொல்லையும் போய்விட்டது. புருஷன் அதற்கு முன்பே தவறிப்போயிருந்தார். ஒரே மகளை அழைத்துக்கொண்டு விருத்தாசலத்துக்கு வந்து, வாடகைக்கு ஒரு அறை பிடித்து, எங்கள் கம்பெனியில் சேர்ந்தார். நான் வருவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னாலேயே சேர்ந்துவிட்டார். வந்த புதிதில் எனக்கு இந்த ஊரில் பேச ஆளில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு என் சமையலறைப் படியில் வந்து உட்காருவார். நான் வைத்த குழம்பைக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வார்.

“புளி கொஞ்சம் கம்மி பண்ணும்மா. ஒங்க ஊர்ல இப்பிடித்தான் கொட்டுவாங்களா?” என்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. செராமிக்கில் எல்லோருமே இருமுவார்கள். முதலில் நான் கவனித்தது இருமலை இல்லை, அவர் நடையை. முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் இருந்த தன் அறையிலிருந்து நடந்தே வந்துவிடுவார். பிறகு வழியில் ஓரிடத்தில் நின்றுவிட்டு வருவதாகச் சொன்னார். அப்புறம் இரண்டு இடம். ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். “என்னாக்கா, வசதி வந்துடுச்சா?” என்று கேலி செய்தேன். அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஊரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தார். நெஞ்சில் நிழல் தெரிகிறது, காசநோய் என்றார். ஆறு மாசத்துக்கு மாத்திரை.

டிபி என்ற சொல் ஷெட்டுக்குள் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பலகையை நகர்த்திப் போட்டுக்கொண்டார். தண்ணீர்ப் பானையில் அந்த அக்கா மொண்டால் மற்றவர்கள் அன்றைக்கு அந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஒன்றைத் தனியாக எடுத்து, அவருக்கென்று ஜன்னல் திண்டில் வைத்தேன். அப்போது என் மகனுக்கு ஒரு வயது. அதைக் காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா அந்த டம்ளரைப் பார்த்தார். மறுநாளிலிருந்து படியில் வந்து உட்காரவில்லை.

வேலை செய்கிறவர்கள் என் கணவரிடம் முறையிட்டார்கள். ஒன்று அவர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் நிற்கிறோம் என்றார்கள். அவரை நிறுத்த என் கணவருக்கு மனசில்லை. அன்றைக்கு மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே, “என்னா செய்யறதுன்னு தெரியல” என்றார்.

“மாவு ரூம்ல தனியாத்தான இருப்பாங்க. சலிக்கிற வேலைய அவங்களுக்குக் குடுத்துடுங்க. யாரும் பக்கத்துல போவ வேணாம்” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “இது எனக்குத் தோணலையே” என்றார். மறுநாள் காலையிலிருந்து அக்கா மாவு ரூமில். கதவையும் சாத்திவிட்டார்கள், இருமல் வெளியே வரக் கூடாதென்று. அதுவரை சலிக்கிற வேலையை ஒவ்வொருவரும் முறை வைத்து, அரை நாள் அரை நாளாகச் செய்துவந்தார்கள். அதற்குப் பிறகு நாள் முழுக்க, வாரம் முழுக்க, அவர் மட்டும்.

ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டார். கொஞ்சமும் குறையவில்லை. எடை இறங்கியது. ஜாக்கெட்டைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டார். மறுபடி எக்ஸ்ரே. நிழல் கூடியிருந்தது. முதலிலிருந்து மாத்திரை, இந்த முறை ஊசியும் சேர்த்து. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கமாட்டீர்கள் என்று திட்டு வேறு. நான் அறிந்து ஒரு நாளும் அவர் விட்டதில்லை. காலையில் வந்ததும் வாசலில் நின்று, என் கண்ணில் படுகிற மாதிரி வாயில் போட்டுக்கொள்வார்.

எனக்கு அந்த நாட்களில் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டுச் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பேன். மெஷின் நின்றால் இருமல் கேட்கும். இருமல் நின்றால் ஏன் நின்றது என்று பயமாக இருக்கும். ஒரு நாள் பொறுக்காமல் மாவு ரூம் கதவைத் தள்ளித் திறந்தேன். உள்ளே அக்கா தெரியவில்லை. வெள்ளையாக ஒரு மூட்டம். அதற்குள்ளே சல்லடை ஆடுகிற சத்தம் மட்டும். கொஞ்சம் கண் பழகியதும் முதலில் தெரிந்தது அவருடைய கண்கள்தான். தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. கதவருகில் நின்ற அந்த இரண்டு நிமிஷத்திலேயே என் தொண்டை கமறியது. வெளியே வந்து துப்பினால் எச்சிலில் நறநறவென்று மணல். ஏறக்குறைய இரண்டு வருஷமாக அவர் அதற்குள் இருந்தார்.

அடுத்த வாரம், என் கணவரிடம் குழந்தைக்கு உடம்பு காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டேன். அக்காவை அழைத்துக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏறும்போதே படியில் அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. கண்டக்டர் முன்னால் சீட்டு பிடித்துக் கொடுத்தார். நெய்வேலி பக்கம் வரும்போது அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, “இப்பிடி உள்ளாற போனா எங்க கொல்லை. இப்ப சொரங்கப் பள்ளம்” என்றார்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. சின்ன வயசு டாக்டரம்மா. இரண்டு வருஷத்து எக்ஸ்ரே படங்களையும் வரிசையாக வெளிச்சத்தில் மாட்டினார். பழைய சீட்டுகளைப் புரட்டினார்.

“சளி டெஸ்ட் எத்தனை தடவை எடுத்தாங்க?”

“நாலஞ்சு தடவ இருக்கும்மா.”

“ஒரு தடவைகூட கிருமி வரலையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பி நகக்கண்களைப் பார்த்தார். குளித்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் அக்கா வந்திருந்தார். ஆனாலும் நகத்துக்கடியில் வெள்ளை இருந்தது.

“என்ன வேலை செய்றீங்க?”

இரண்டு வருஷத்தில் யாருமே கேட்காத கேள்வி அது. அக்கா சொன்னார். பிளேடால் சுரண்டுவது, குழாயால் ஊதுவது, இப்போது மாவு சலிப்பது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஜன்னல் இருக்கிறதா, மூக்கைக் கட்டிக்கொள்கிறீர்களா, எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்.

“இது டிபி இல்லைங்க. கல்லுத் தூசு. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிசா நெஞ்சுக்குள்ள போய் அங்கேயே தங்கிடுச்சு. அது இருக்கிற எடமெல்லாம் தழும்பாயிடும். சிலிகோசிஸ்னு பேரு.”

“மாத்திரையில போயிடுமா?” என்று கேட்டது நான்.

“போவாது. இனிமே உள்ள போவாம பார்த்துக்கலாம். அவ்வளவுதான். இவங்க அந்த வேலைக்குத் திரும்பப் போகவே கூடாது. ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது, பயப்படாதீங்க.” என்னைப் பார்த்தார். “நீங்க யாரு இவங்களுக்கு?”

கம்பெனி முதலாளியின் மனைவி என்று சொல்லியிருக்க வேண்டும்.

“தெரிஞ்சவங்க” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. வேறு ஏதோ இடத்தில் என்னைப் பார்த்து, இது யார் என்று யோசிப்பதுபோல் பார்த்தார். “அந்தக் கம்பெனியில வேலை செய்ற எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கணும். முதலாளிகிட்ட யாராவது சொல்லுங்க” என்று டாக்டரம்மா சொன்னார். நான் தலையாட்டினேன்.

திரும்பப் பஸ் ஏறினோம். வடலூர் தாண்டியதும் அக்காதான் ஆரம்பித்தார்.

“ஒட்டாதுன்னு சொன்னாங்கல்லம்மா.”

“ஆமாங்க்கா.”

“எம்மவ ரெண்டு வருசமா எம்பக்கத்துல படுக்கறதில்ல. நாந்தான் வேணாம்னுட்டேன். இனிமே படுக்கலாம்.”

அவருக்கு அது மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. குணமாகாது என்றது விழவில்லையா, விழுந்தும் பெரிதாகப் படவில்லையா, தெரியாது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் போனதற்கு முதலில் கத்தினார். பிறகு, “தூசின்னா எனக்குல்ல மொதல்ல வரணும்? அவங்களுக்கு முன்னாலேருந்து நான் இதே காத்தத்தான் இழுக்கறேன். நல்லாத்தான இருக்கறேன்?” என்றார்.

“அப்ப ஒரு எக்ஸ்ரே எடுத்துக்குங்க.”

“எடுக்க மாட்டேன். இந்த எஸ்டேட்ல எத்தனை கம்பெனி இருக்குது, எல்லாரும் செத்தா போயிட்டாங்க?”

அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு வேலை இல்லாமலே மாசாமாசம் சம்பளம் போகும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆனால் ஷெட்டில் எதையும் மாற்ற மறுத்தார். மறுநாள் காலையில் ஜன்னலில் நின்று பார்த்தேன். சுரண்டுகிறார்கள், ஊதுகிறார்கள். ‘புஸ்’ என்கிற ஒவ்வொரு தடவையும் வெயில் பட்டுத் தூசி பளபளவென்று எழும்பி, அவர்கள் முகத்தைச் சுற்றி மெதுவாக இறங்கியது. நான்கு வருஷம் தினமும் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அது எங்கே போகிறது என்று பார்த்தேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் ஷெட்டுக்குள் போய், கம்ப்ரஸர் குழாயின் முனையைக் கழற்றி எடுத்துவந்து அரிசி டிரம்முக்குள் போட்டேன். வேலை நின்றது. என் கணவர் தேடாத இடமில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“குடு.”

“குடுக்க மாட்டேன்.”

“ஒனக்கென்ன பைத்தியமா?”

“ஆமா. எம்புள்ள இந்த வூட்டுலதான் வெளையாடறான். எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க, தரேன்.”

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கடையில் புது முனை வாங்கிவிடலாம், பெரிய விஷயமில்லை. ஆனால் வாங்கவில்லை. அந்த மூன்று நாளும் பெண்கள் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார்கள். வேலை பாதியாகிவிட்டது. தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் ஓரம் கரைந்து பீஸ் கெட்டுவிடும். “ஒங்களால எங்க கையும் போவுது, பீஸும் போவுது” என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். மூக்கில் கட்டத் துணி கொடுத்தேன். சூளைப் பக்கத்துச் சூட்டில் அரை மணி நேரம்கூட அது மூக்கில் நிற்கவில்லை, கழுத்துக்கு இறங்கிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அந்தத் துணியை நான் கட்டிப் பார்த்தேன், எனக்கே மூச்சு முட்டியது.

நான்காம் நாள் என் கணவர் குளித்துவிட்டு எங்கோ கிளம்பினார். மத்தியானத்துக்கு மேல் ஒரு பெரிய பழுப்பு உறையோடு வந்தார். உறையைக் கட்டில் மேல் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்க் கை கால் கழுவினார். வெகுநேரம் கழுவினார். நான் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாது. ஆனால் அக்காவின் படத்தை அத்தனை தடவை பார்த்திருந்தேன். நெஞ்சின் மேல்பாதியில் இரண்டு பக்கமும் நொய் இறைத்த மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். அக்காவுக்குக் கட்டிகட்டியாக இருந்தது. இவருக்கு இப்போதுதான் தூவ ஆரம்பித்திருந்தது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “மீதி எட்டுப் பேருக்கும் எடுக்கணும்” என்றார். நான் அரிசி டிரம்மிலிருந்து முனையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

எட்டுப் பேரில் ஏழு பேர் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு நிழல் இருந்தது. எட்டாமவர் பிரஸ் ஓட்டுகிறவர், திடமான ஆள். “இருக்குதுன்னு தெரிஞ்சா மட்டும் என்னா செய்யப் போறீங்க? தெரியாமயே இருந்துட்டுப் போறேன்” என்று வரவே மறுத்துவிட்டார்.

குழாய் முனையை மறுபடி மாட்டவில்லை, ஸ்பாஞ்சால்தான் துடைத்தார்கள். மாவு ரூமைப் பூட்டினோம். அரைத்துச் சலித்த மாவை வேறொரு கம்பெனியிலிருந்து மூட்டையாக வாங்க ஆரம்பித்தோம். எங்கள் ஷெட்டில் தூசி நிஜமாகவே குறைந்தது. என் தட்டுகளின் முதுகு இரண்டு வேளைக்குச் சுத்தமாக இருந்தது. ஆனால் மூட்டை வந்து இறங்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். அந்த மாவையும் எங்கோ ஒருவர் சலித்திருப்பார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. மூட்டை இறக்க வருகிறவர்களிடம் ஒரு முறை கேட்டேன். “அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்?” என்றார்கள்.

அக்கா வீட்டிலேயே இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்ப்பேன். போகாவிட்டால் எனக்கு வேலை ஓடாது, போனாலும் அங்கே உட்கார முடியாது. இந்தப் பக்கம் நகர்ந்து பாத்திரத்தை அடுக்குவேன், அந்தப் பக்கம் நகர்ந்து துணியை மடிப்பேன். “செத்த ஒக்காரேம்மா, எனக்கு மூச்சு வாங்குது ஒன்னப் பாத்தா” என்பார். அவருக்கு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. பாதியில் நிறுத்தி, காற்றைச் சேர்த்துக்கொண்டு, மீதியைச் சொல்வார்.

ஒரு நாள் சொல்லிவிட்டேன். “அக்கா, ஒங்கள மாவு ரூமுக்கு மாத்தச் சொன்னது அவரு இல்ல, நான்தான்.”

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “தெரியும்மா. ஒங்க ஜன்னல் தொறந்துதான இருந்துச்சு” என்றார். காற்றைச் சேர்த்துக்கொண்டார். “அன்னிக்கு எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. வரிசையில ஒக்காந்தா எல்லாம் ஒரு மாதிரி பாப்பாங்க. உள்ளாற போயிட்டா எவ மூஞ்சியையும் பாக்க வேணாம். கதவ நல்லா சாத்துங்கன்னு நானே சொன்னேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அதுக்கோசரம் ஒன்ன விட்டுட்டேன்னு இல்ல. மனசுல இருக்குதுதான். டம்ளர எடுத்து வெச்ச பாரு, அதான் இருக்குது. ரூமு இல்ல.”

மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கீரையை அலசித் தரச் சொன்னார், அலசித் தந்தேன்.

அவர் மகள் அப்போது கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தாள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் டூ-வீலர் மெக்கானிக். பெண் பிடித்துப்போய், நாள் குறிக்கிற வரைக்கும் வந்தது. பிறகு பேச்சே இல்லை. அம்மாவுக்கு டிபி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மகள் என்னிடம் வந்து அழவில்லை. “எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை. தன்னாலதான்னு நெனச்சுக்கும்” என்றாள்.

மறுநாள் காலையிலேயே புதுச்சேரி ஆஸ்பத்திரிச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு மாசம்கூட ஆகவில்லை. லாரிகள் உரசிக்கொண்டு போகிற அந்த ரோட்டில் எப்படிப் போனேன் என்று தெரியாது. பையனின் அம்மா வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார். யார் நீங்க என்றார்.

“அந்தப் பொண்ணோட அம்மா எங்க கம்பெனியிலதான் வேலை பாத்தாங்க. நான் மொதலாளி சம்சாரம்” என்றேன். சொல்லிவிட்டேன். சீட்டைக் காட்டினேன். “அவங்களுக்கு டிபி இல்லைங்க. எங்க கம்பெனித் தூசு. எங்களாலதான் வந்துச்சு. இது யாருக்கும் ஒட்டாது, அவங்க பொண்ணுக்கும் வராது. எம் புருசனுக்கும் இருக்குது, நான் அவரோடதான குடும்பம் நடத்தறேன்?”

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீங்களே இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்களே, ஒங்க கம்பெனிக்குக் கெட்ட பேரு வராதா?” என்று கேட்டார்.

“வரட்டுங்க” என்றேன். சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

கல்யாணம் நடந்தது. பழமலைநாதர் கோயிலில் தாலி கட்டினார்கள். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அட்சதை போட எழுந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நானும் என் கணவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். கையில் ஒன்றும் எடையே இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். ஒரு கோடையில், சித்திரை வெயிலில், மகள் வீட்டில் காலமானார். பேத்தியைப் பார்த்துவிட்டுத்தான் போனார். கடைசி நாட்களில் மகள் பக்கத்திலேயே படுத்திருந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

என் கணவர் இன்னும் இருக்கிறார். மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு முறை நிற்கிறார். நின்று, ஏதோ தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார். நானும் நம்புவதுபோல் காட்டிக்கொள்கிறேன்.

எக்ஸ்ரே எடுக்க மாட்டேன் என்ற பிரஸ்காரர், அக்கா காலமான வருஷமே எங்களை விட்டுவிட்டு அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டார். எங்களிடம் வேலை மெதுவாக நடக்கிறது என்று அவருக்குக் குறை. சில மாசம் கழித்து ஒரு நாள் ரயில்வே கேட்டில் நிற்கும்போது பார்த்தேன். சேலம் வண்டி வரவேண்டியிருந்தது. சைக்கிளைப் பிடித்தபடி எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றார். தலையும் தோளும் வெள்ளை.

“அண்ணே, அங்க என்னா வேல குடுத்திருக்காங்க?”

“மாவு ரூமும்மா. சம்பளம் கூட” என்று சிரித்தார். அதற்குள் ஒரு இருமல்.

“ஒரு தடவ புதுச்சேரி போயிட்டு வந்துடலாம், நானே கூட்டிட்டுப் போறேன். சும்மா ஒரு படம் எடுத்துப் பாத்துட்டு வந்துடலாம்.”

“தீவாளி முடியட்டும்மா. இப்ப ஆர்டரு நெறைய இருக்குது.”

வண்டி கடந்தது. கேட் தூக்கினார்கள். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் சைக்கிளில் ஏறி, “போயிட்டு வரேம்மா” என்று கையைத் தூக்கிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். என் ஸ்கூட்டி உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனதும் அவர் போன பக்கமே திருப்பினேன். எந்தக் கம்பெனி என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எஸ்டேட்டுக்குள் ஒவ்வொரு கம்பெனி கேட்டாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.